சிஞ்ஞோராவின் கையை விட்ட நாள்

பலெர்மோவை எனக்கு முழங்காலால் தெரியும். அதன் பழைய பகுதியான கால்சாவில் எந்த மாளிகையின் தரை எந்தக் கல், எந்தக் கல்லில் எலுமிச்சைச் சாறு பட்டால் வெளுத்துப் போகும் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மன்னாரிலிருந்து வந்து வருடக்கணக்காக மற்றவர்களின் வீடுகளைத் துடைத்தவளுக்கு இது ஒரு பெரிய கெட்டித்தனம் இல்லை. ஆனால் அந்த நகரத்தின் சரித்திரம் எனக்குத் தெரிய வந்தது ஒரு டென்மார்க் பெண்ணால். அவர் அதைத் தன் ஊர்க்காரருக்கு டெனிஷ் மொழியில் சொல்லிக்கொண்டு முன்னால் நடப்பார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் வேலை செய்த வீட்டுக்காரி அவர். சிஞ்ஞோரா, அதாவது அம்மணி, என்றுதான் கூப்பிடுவேன். வயது எழுபத்தெட்டு. இளம் வயதில் ஒரு சிசிலிக்காரரைக் கட்டிக்கொண்டு வந்து, அவரை அடக்கம் செய்த பிறகும் ஊருக்குத் திரும்பிப் போகாதவர். கால்சாவில் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். கிழமையில் மூன்று காலை நான் போவேன். அந்த வேலைக் கடிதத்தை வைத்துத்தான் என் பெர்மெஸ்ஸோ, அதாவது இத்தாலியில் இருப்பதற்கான அனுமதி, புதுப்பிக்கப்பட்டு வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஏதோ தியாகி என்று யாரும் நினைக்கக் கூடாது.

வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் விடுமுறைக்கு வரும் டென்மார்க்காரர் பத்துப் பன்னிரண்டு பேர் அவரோடு நகரத்தைச் சுற்றி நடக்க அவர் வீட்டு வாசலில் கூடுவார்கள். விளம்பரம் ஒன்றும் இல்லை. வந்து போன ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல, அவர் கடிதம் எழுத, அப்படியே நடந்து வந்தது. அவர்களிடம் சிஞ்ஞோரா கேட்டதெல்லாம் கறுப்புப் பாண், வினாகிரியில் ஊறிய மீன், அதிமதுரத்தில் உப்புப் போட்டுச் செய்த கறுப்பு இனிப்பு. அந்த இனிப்பை ஒரு தடவை வாயில் போட்டுவிட்டுக் கைக்குட்டைக்குள் துப்பினேன். இனிப்பு என்று பெயர் வைத்தவனைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பத்து மணி என்றால் அவர்கள் பத்து மணிக்கு நிற்பார்கள். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு வந்தவர்கள் மூலையில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து கைகொடுத்துத் தங்கள் பெயரைச் சொல்வார்கள். எனக்கும் கைகொடுப்பார்கள். பலெர்மோவில் நான் வேலை செய்த எந்த வீட்டு விருந்தாளியும் எனக்குக் கைகொடுத்ததில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவர்களைப் பிடித்திருந்தது.

நடை பியாற்சா மரீனாச் சதுக்கத்தின் பெரிய மரத்தடியில் தொடங்கும். விழுதுவிட்டு நிற்கும் அந்த மரத்தைப் பார்த்து டென்மார்க்காரர் வாயைப் பிளப்பார்கள். எனக்கு அது ஆலமரத்தின் சொந்தக்காரன், அவ்வளவுதான். அங்கிருந்து சிவப்புக் குவிமாடம் வைத்த பழைய தேவாலயம், பிறகு அல்பெர்கேரியாவின் சந்தை, கடைசியில் மேட்டில் இருக்கும் நோர்மன் அரண்மனை. சிஞ்ஞோராவின் வாதம் இதுதான்: வடக்கிலிருந்து கப்பலேறிய டென்மார்க்காரர் பிரான்சின் கரையில் குடியேறினார்கள். அவர்களின் பிள்ளைகளின் பிள்ளைகள் தெற்கே இறங்கி வந்து இந்தத் தீவைப் பிடித்து அரசாண்டார்கள். ஆகவே இந்த அரண்மனையின் அத்திவாரத்தில் எங்கள் டென்மார்க் வெண்ணெயும் இருக்கிறது. கூட்டத்தில் ஒரு நோர்வேக்காரர் இருந்துவிட்டால், கப்பலேறியது எங்கள் ஆட்கள் என்று அந்த இடத்தில் வாக்குவாதம் தொடங்கி அரை மணித்தியாலம் போய்விடும்.

எனக்கு டெனிஷ் தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகு அன்றைக்குச் சொன்னதை சிஞ்ஞோரா எனக்கு இத்தாலியனில் திருப்பிச் சொல்வார். அவர் இத்தாலியனில் கதைத்தாலும் என் காதில் அது எங்கள் தமிழாகத்தான் விழும். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

நடை முடிந்ததும் எல்லோரும் மேலே வருவார்கள். பட்டப்பகலில் மெழுகுதிரி கொளுத்திய மேசை. பாணை ஒற்றையாக வைத்து, மேலே மீனும் வெங்காயமும் அடுக்கி, கத்தியும் முள்ளும் கொண்டு சாப்பிடுவார்கள். கடைசியில் தாளைப் பார்த்து ஒரு பாட்டு. எழும்பும்போது ஒவ்வொருவரும் சாப்பாட்டுக்கு நன்றி சொல்வார்கள். எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நன்றி சொன்னால் அம்மா அகப்பையைத் தூக்கியிருப்பா, என்ன நாங்கள் பிறத்தியாரோ என்று கேட்டு.

நான் வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம் மாரியில் சிஞ்ஞோரா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் கை கொஞ்சம் நடுங்கும். டென்மார்க்கில் இருந்த ஒரே மகன் உடனே தன் வீட்டுக்குக் கிட்ட ஒரு முதியோர் இல்லத்தில் அறை பார்த்துவிட்டார். ஏப்ரல் மாத நடைக்கு வருவேன், நேரில் பார்ப்பேன், உங்களால் தனியாக இருக்க முடியாது என்று கண்டால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று ரெலிபோனில் சொல்லியிருந்தார்.

"பாக்கட்டும்," என்றார் சிஞ்ஞோரா. "அங்கை போனால் நான் ஜன்னலடியிலை வைச்ச பூச்சாடிதான். காலமையிலை தண்ணி ஊத்துவினம், பின்னேரம் திருப்பி வைப்பினம்."

என்னிடம் ஒரு உதவியும் கேட்கவில்லை. கேட்காத உதவியைச் செய்வதில்தானே நாங்கள் கெட்டிக்காரர். வீட்டுக்குப் போய் என் மனிசனிடம் சொன்னேன். அவர் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தார், உலக விஷயம் எல்லாவற்றுக்கும் அவரிடம் மறுமொழி இருக்கும்.

"வெளிநாட்டிலையிருந்து மகன் வந்தால் முதல் என்ன பாப்பான்?" என்றார். "தாயை வடிவாப் பாக்கினமோ எண்டுதான் பாப்பான். ஒரு குறை தெரியக் கூடாது. நீர் பக்கத்தை விட்டு அரக்காதையும்."

"ஓம், அதுதான் சரி," என்றேன் நான். இரண்டு மேதைகளும் ஒத்துப்போய்விட்டோம்.

ஏப்ரல் நடை அன்று காலை ஆறரைக்கே போய்விட்டேன். சிஞ்ஞோராவின் தலையை வாரி ஊசி குத்தினேன். சட்டைப் பொத்தான்களைப் பூட்டினேன். இரண்டு தடவை என் கையைத் தட்டிவிட்டார். மகன் வந்திருக்கிறபடியால் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். மகன் நாற்பது வயது மனிதர், மெலிந்த உயரம், சத்தம் போடாமல் கதைப்பவர். பலெர்மோவில் பிறந்து வளர்ந்து, படிக்கப் போன இடத்தில் தங்கிவிட்டவர். எனக்குக் கைகொடுத்தார். பிறகு பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் அவருக்கு நன்றாகக் காட்டினேன். ஒரு தோளில் பை, மற்றத் தோளில் மடக்குக் கதிரை, ஒரு கையில் வெயிலுக்குக் குடை, மற்றக் கை சிஞ்ஞோராவின் முழங்கையில். விருந்தாளிகள் கைகொடுக்க வந்தபோது, "மெல்லப் பிடியுங்கோ, முறிஞ்ச கை" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். படி வந்த இடமெல்லாம் "படி, சிஞ்ஞோரா, படி" என்று சத்தமாகச் சொன்னேன். மரத்தடியில் கதிரையை விரித்து, தோளில் கையை வைத்து இருத்தினேன். கதையின் நடுவில் அவர் மூச்சு எடுக்க நிறுத்தினால் தண்ணீர்ப் போத்தல் வாய்க்குப் பக்கத்தில் நின்றது. ஒரு நீதிபதியின் வீட்டுக்கு முன்னால் துவக்கோடு படையினர் நின்றார்கள், மாஃபியாவுக்குப் பயந்து அந்த வருடங்களில் அது வழக்கம். டென்மார்க்காரர் படம் எடுத்தார்கள். என் கை ஊர்ச் சோதனைச்சாவடிப் பழக்கத்தில் அடையாள அட்டையைத் தேடியது. அந்த ஒரு நிமிடம் மட்டும்தான் சிஞ்ஞோராவின் முழங்கை எனக்கு மறந்துபோனது.

மகன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பின்னால் வந்தார். கண் கலங்கினாற்போல இருந்தது. மனம் நிறைந்துபோயிருக்கிறார் என்று நினைத்து எனக்குள் பெருமை பொங்கியது.

சிவப்புக் குவிமாடக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக் கடையில் வழக்கமாக நிற்பார்கள். நான் சிஞ்ஞோராவின் பணிசைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, கோப்பியில் நனைத்து, அவர் கையில் வைத்தேன். அவர் அதைத் தட்டில் போட்டுவிட்டு எழும்பி கழிவறைக்குப் போனார். அப்போதுதான் மகன் என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்லை," என்றார். "சொந்தத் தாயைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறியள். எல்லாம் நானே செய்யிறன் எண்டுதான் அம்மா எனக்குச் சொல்லுவா. இவ்வளவு தூரத்துக்குப் போயிட்டுது எண்டு எனக்குத் தெரியாது. அந்த அறையை எடுக்கிறன். யூன் மாதம் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன். இல்லை, அவ எல்லாம் தானே செய்யிறவ, நான் இண்டைக்குத்தான் இப்பிடி என்று தடுமாறிச் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தாயைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

எங்கே பிழைவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஆட்களில் ஒரு வயதுபோன மனிசி தனியாகப் படியேறினால், இவவுக்கு ஒருத்தரும் இல்லையோ என்று தெருவே கேட்கும். பக்கத்தில் கைபிடிக்க நாலு பேர் இருந்தால் அதுதான் அவவுக்கு மரியாதை. இந்த டென்மார்க்காரரிலோ நாலு வயதுப் பிள்ளை தன் பாலைத் தானே ஊற்றும். எண்பது வயதில் தன் பொத்தானைத் தானே பூட்டுகிறவர் முழு மனிதர். இன்னொருத்தர் பூட்டிவிட்டால் கதை முடிந்தது. நாலு வருடமாக அவர்களுக்குப் பின்னால் நடந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். கண்ணால் பார்த்திருந்தேன். ஆனால் நல்லபடியாகக் காட்ட வேண்டும் என்ற அவசரம் வந்ததும் என் கை எனக்குத் தெரிந்த மரியாதையைச் செய்துவிட்டது.

சிஞ்ஞோரா திரும்பி வந்து மகனின் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. என்னைக் கடை வாசலுக்குக் கூட்டிப் போனார். கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"நாலு வருசத்திலை நீ எனக்கு ஒரு கதவு திறந்துவிட்டிருக்கிறியோ?"

"இல்லை, சிஞ்ஞோரா."

"அப்ப இண்டைக்கு ஏன்?"

"உங்களை நல்லாப் பாக்கிறன் எண்டு அவருக்குக் காட்ட..."

"நீ என்னைக் காட்டேல்லை. ஒரு நோயாளியைக் காட்டினாய்." என் தோளிலிருந்து பையை இழுத்துத் தன் தோளில் போட்டார். "இனி நீ வேலைக்காரி இல்லை. சுற்றுலா வந்தவள். எல்லாருக்கும் பின்னாலை நட. கையை வைச்சுக்கொண்டு சும்மா நட."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. விடியற்காலையில் எழும்பி வந்தவளுக்கு இதுவா பரிசு என்று மனம் கொதித்தது. ஆனாலும் பின்னால் போய் நின்றேன். மகன் எனக்குப் பக்கத்தில் வந்தார்.

சந்தைக்குப் போவதற்குப் பெரிய வீதியைக் கடக்க வேண்டும். பலெர்மோவில் வீதி கடப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. விளக்கைப் பார்க்கக் கூடாது, வரும் சாரதியின் கண்ணைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு இறங்கினால் நிற்கக் கூடாது. சிஞ்ஞோரா கையை உயர்த்திக்கொண்டு இறங்கினார். என் கை தானாக முன்னால் போனது. இழுத்துச் சட்டைப் பைக்குள் திணித்தேன். ஒரு கார், இரண்டு ஸ்கூட்டர், ஒரு பழவண்டி எல்லாம் அவருக்காக நின்றன. பன்னிரண்டு டென்மார்க்காரரும் நானும் அவர் பின்னால் கரையேறினோம். மகன் மட்டும் அந்தப் பக்கம் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தெருவில் வளர்ந்த மனிதர்! சிஞ்ஞோரா திரும்ப இறங்கிப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் சிரித்துவிட்டேன். மகனுக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் சிவந்துபோயிருந்தது.

சந்தைக்குள் மகன் என்னோடு நடந்தார். மீன்காரன் கத்துவதற்கு மேலாகக் கத்தித்தான் கதைக்க வேண்டியிருந்தது.

"ஒண்டு கேக்கட்டோ? நீங்கள் அவவோடை வந்து இருப்பியளோ? இரவும் பகலும். ஒழுங்கான ஒப்பந்தம் எழுதுவம். அப்பிடியெண்டால் நான் அவவை இஞ்சையே விடுறன்."

பக்கத்தில் மனிசன் நின்றிருந்தால் ஓம் என்று எனக்கு முதல் சொல்லியிருப்பார். அந்த நாட்களில் அப்படி ஒரு ஒப்பந்தம் கிடைத்தால் பெர்மெஸ்ஸோவுக்காக வரிசையில் நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. என் வாய்க்குள் ஓம் வந்தும் விட்டது. முன்னால் சிஞ்ஞோரா பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, கத்தரிக்காய்க் குவியலைக் காட்டி எதையோ சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லை," என்றேன். "நான் வந்து இருந்தால், நீங்கள் பாத்த அந்த அறை இஞ்சை வந்த மாதிரித்தான். கிழமையிலை மூண்டு காலமை. அவ்வளவுதான் வருவன்."

"அவ போனால் உங்கடை வேலையும் போயிடும். அதுக்காகத்தான் அவ இருக்க வேணும் எண்டு நிக்கிறியள் எண்டு நினைச்சன்."

"ஓம், அதுவும்தான்," என்றேன். "வேலை போனால் என்ரை பெர்மெஸ்ஸோவும் போகும். நான் பயந்துதான் நிக்கிறன். ஆனால் காலமை நீங்கள் பாத்தது உங்கடை அம்மாவை இல்லை, என்ரை பயத்தை. அங்கை முன்னுக்குப் போறாவே, அவதான் உங்கடை அம்மா."

"அவ விழுந்தால்?"

"விழுவா. நீங்களும் நானும் விழமாட்டமோ?"

அவர் முன்னால் போகிற தாயைப் பார்த்துக்கொண்டு நடந்தார். இவ்வளவு வாய் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. வேலையை நானே கையால் தூக்கி எறிந்துவிட்டேன் என்று தெரிந்தது. ஆனால் சொன்னதில் ஒரு சொல்லையும் திருப்பி எடுக்க மனம் வரவில்லை.

அரண்மனையில் ஒரு சுவரில் கல் பதித்திருக்கிறது. லத்தீன், கிரேக்கம், அரபு என்று மூன்று மொழியில் ஒரு மணிக்கூட்டைப் பற்றிய செய்தி. ஒரு மணிக்கூட்டுக்கு மூன்று மொழி! எங்கள் நாட்டில் பஸ் பலகையில் இரண்டாவது மொழியை ஒழுங்காக எழுதுவதற்கே ஆள் இல்லை. உள்ளே தங்கம் இழைத்த ஒரு சிறிய தேவாலயத்தில் சிஞ்ஞோரா நடுவில் நின்று டெனிஷில் பேசினார். மகன் எனக்குக் காதோடு இத்தாலியனில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"வடக்கிலையிருந்து வந்தவை அரபுத் தச்சரைக் கொண்டு கூரை செய்விச்சினம், கிரேக்கரைக் கொண்டு சுவரிலை படம் ஒட்டுவிச்சினம். ஆட்சி முடிஞ்ச பிறகும் அவையின்ரை ஆக்கள் குளிருக்குத் திரும்பிப் போகேல்லை. ஏனெண்டு புத்தகத்திலை தேட வேண்டாம், வெளியிலை போய் வெயிலைப் பாருங்கோ எண்டு சொல்லுறா."

அதற்கு மேல் அவர் மொழிபெயர்க்கவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கால்சாவுக்குத் திரும்பியபோது எனக்கே கால் உளைந்தது. சிஞ்ஞோரா மூன்று மாடியும் பையோடு ஏறினார். இரண்டாம் மாடியில் கனநேரம் நின்றார். மகன் கீழே இருந்து ஒரு படி எடுத்து வைத்தார். அவர் சட்டைக் கையை நான் பிடித்துக்கொண்டேன். பிறகு மேலே காலடிச் சத்தம் திரும்பத் தொடங்கியது.

மேசையில் எனக்கும் சிஞ்ஞோரா ஒரு தட்டு வைத்திருந்தார். நாலு வருடத்தில் அந்த மேசையில் நான் இருந்தது அதுதான் முதல் தடவை. குசினிக்கு எழும்பப் பார்த்தேன். சிஞ்ஞோரா கண்ணால் இருத்தினார். மற்றவர்கள் பாணை வெட்டிச் சாப்பிட, நான் முள்ளோடும் கத்தியோடும் மல்லுக்கட்டினேன். சிஞ்ஞோராவே மீனைக் கொண்டு வந்தார், வெங்காயத்தைக் கொண்டு வந்தார். கடைசியாகப் பெரிய கோப்பிக் குடத்தோடு வந்தார். அதை இரண்டு கையால் பிடித்திருந்தார். ஒவ்வொரு கோப்பையாக ஊற்றிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார்.

ஆறாவதோ ஏழாவதோ கோப்பையில் கை ஆடியது. கோப்பி தட்டில் விழுந்து, அங்கிருந்து வெள்ளை விரிப்பில் ஓடிக் கை அகலத்துக்குப் பரவியது. நான் என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் இருந்தேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. டென்மார்க்காரர் ஒருவரும் அசையவில்லை. பக்கத்தில் இருந்தவர் தன் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார், மற்றவர்கள் கேட்டார்கள். சிஞ்ஞோரா குடத்தை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்த் துணி எடுத்து வந்து துடைத்தார். துடைத்த துணியை மடித்து ஓரமாக வைத்தார். திரும்பவும் குடத்தைத் தூக்கினார். கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்து இருந்தது மகன். அவர் விரிப்பில் இருந்த கறையைப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார். என்னையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு தன் கோப்பையை எடுத்து நீட்டினார்.

"எனக்கு நிரம்ப ஊத்துங்கோ, அம்மா," என்றார்.